படம் பார்த்துப் பயிர்நோய் சொல்பவர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருக்காது. வீட்டுத் துளசிகூட மழையின் தயவில்தான் பிழைக்கும். ஆனால் வாடிய இலையின் படம் ஒன்றை யாராவது கைப்பேசியில் நீட்டிவிட்டால் போதும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் படத்தை விரித்து, நாடி பிடித்த வைத்தியரைப் போலப் பெருமூச்சு விட்டு, நோய், மருந்து, அளவு மூன்றையும் சொல்லி முடித்துவிடுவார்கள். 'தெரியாது' என்ற சொல்லை அவர்கள் வாயிலிருந்து கேட்டவர் உண்டா? நான் கேட்டதில்லை.

லாஸ்பேட்டை புருஷோத்தமன் இந்த இனத்தின் தலைமகன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். அங்கே உதவியாளராக இருக்கும் சந்திரகலாவுக்குப் பாகூர்ப் பக்கம் ஒரு காணி நிலம்; அவள் வீட்டின் வருஷச் சோறே அதுதான். நெல் இலைகள் நுனியிலிருந்து ஓரமாக மஞ்சளாகிக்கொண்டு வர, பயந்துபோய்ப் படத்தைக் காட்டினாள்.

"தழைச்சத்து பத்தலம்மா. யூரியா போடு. பத்து நாள்ல பச்சையாயிடும்."

"நேர்ல ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா சார்?"

"நேர்ல எதுக்கு? படமே பேசுதே."

சந்திரகலா நம்பினாள். கீழ்க்கழனிக்குப் போட்டுவிட்டு மேல்கழனிக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. பத்து நாளில் கீழ்க்கழனி பச்சையாகவில்லை, வைக்கோலாக வெளுத்தது. இலையைப் பறித்துக்கொண்டு வேளாண் அலுவலர் கார்குழலியிடம் ஓடினாள்.

கார்குழலி பெருமூச்சு விடவில்லை. கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்தார். இலையை வெட்டி, வெட்டுவாய் நீரில் முங்கும்படி பிடித்தார். சில நிமிடத்தில் அங்கிருந்து பால்போல் நூல்நூலாக ஏதோ இறங்கியது.

"பாக்டீரியா இலைக்கருகல்மா இது. யூரியா போட்டீங்களா?"

"சார் சொன்னாரு. போட்டுட்டேன்."

"நோய்க்குப் பந்தி வச்ச மாதிரி ஆயிடுச்சு. இனிமே போடாதீங்க. கழனித் தண்ணிய வடிச்சுடுங்க."

மேல்கழனி பெரும்பாலும் தப்பியது. கீழ்க்கழனியில் பாதி பதர். சந்திரகலா சண்டை போடவில்லை. நடந்ததையும் டம்ளர் சோதனையையும் புருஷோத்தமனிடம் சொன்னாள், அவ்வளவுதான். கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று நினைத்திருப்பாள்.

அவர் வெட்கப்பட்டாரா? டம்ளர் வாங்கினார். வாசல் முருங்கை, மாடித் தக்காளி, மனைவி நிர்மலா குழம்புக்குக் கிள்ளி வைத்திருந்த கறிவேப்பிலை என்று கண்டதெல்லாம் தண்ணீரில் நின்றன. எதுவும் கலங்கவில்லை. மனம் தளராமல், அலுவலக வாசல் டீக்கடையில் ஒரு குரோட்டன்ஸ் இலையைக் கிள்ளி, மேசையில் இருந்த டம்ளரில் நீர் ஊற்றி நிறுத்தினார். வெள்ளையாகக் கலங்கியதே பார்க்கலாம்.

"பாத்துக்குங்க, பாக்டீரியா" என்றார். நாலு பேர் கூடிப் படம் பிடித்தார்கள்.

கடைக்காரர் ஹாஜா எட்டிப் பார்த்தார். "சார், அது பால் குடிச்ச டம்ளர். இன்னும் கழுவல."

புருஷோத்தமன் அரை நொடிதான் யோசித்தார். "பால்லயும் பாக்டீரியா உண்டு, ஹாஜா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் எதிர்வீட்டு மதிலுக்கு மேல் வாழையிலை ஒன்று பழுத்துத் தொங்குகிறது. அது எதனால் என்று உங்களுக்குத் தெரியும், இல்லையா?

தயவுசெய்து அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.