சண்டை தாங்கும் சாப்ட்வேர்

சண்டையைத் தீர்த்துவைத்துப் பேர் வாங்கியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சண்டையை மூட்டிவிட்டு ஒரு டிபார்ட்மென்ட்டையே காப்பாற்றிய மனிதர் எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை நாங்கள் சிண்டு சார் என்போம். சிண்டு முடிய அவர் தலையில் ஒரு முடி கிடையாது. டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் அந்த வெளிச்சத்திலேயே எதிரில் இருப்பவர் பேப்பர் படிக்கலாம். ஆனால் இரண்டு பேருக்கு நடுவே சிண்டு முடிந்துவிடுவதில் அவரை மிஞ்ச ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஆள் இல்லை. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் விசாரித்ததில்லை.

வல்லம் வடகாலில் இருந்த எங்கள் கம்பெனி, மெஷின்களில் பொருத்தும் தொடுதிரைகளைத் தயாரித்தது. மெஷின் ஓட்டுபவர் தொடும் பட்டன் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும், தொட்டால் அடுத்து என்ன வர வேண்டும் என்று தீர்மானிப்பது எங்கள் சின்ன டீம். அதில் வருகிற தமிழை எழுதுவது என் வேலை. ‘ஆயில் குறைவு’, ‘கதவை மூடவும்’, இவ்வளவுதான். இந்தப் பத்தியில் நான் வளவளவென்று எழுதுவதாகத் திட்டிக் கடிதம் போடும் வாசகர்கள், இரண்டு வார்த்தைக்கு மேல் எழுத விடாமல் அந்தக் கம்பெனி என் வாயைப் பல வருஷம் கட்டிப் போட்டிருந்தது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவும்.

சிண்டு சாருக்கு வேலை, கம்பெனி எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் உபயோகித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது. மற்றவர்கள் பொருளைச் சோதிப்பார்கள். இவர் பொருளுக்கு முன்னால் மனிதர்களை மோதவிடுவார்.

“எல்லாரும் சிரிச்சிகினு இருக்கசொல்ல எந்தப் பொருளும் நல்லாத்தாம்மா வேலை செய்யும். ஆளுங்க முறைச்சிகினு இருக்கசொல்ல அது இன்னா பண்ணுதுன்னு பாக்கணும்” என்பார்.

மீட்டிங் அறைக்கான புது நாற்காலிகள் சோதனைக்கு வந்தபோது, சம்பள உயர்வுப் பேச்சுவார்த்தையை அந்த நாற்காலிகளில் நடத்தச் சொன்னார். நிர்வாகமும் தொழிற்சங்கமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை நெளிந்தார்கள், குதித்தார்கள், கைப்பிடியில் குத்தினார்கள். பேச்சுவார்த்தை தோற்றது. சிண்டு சார் உள்ளே போய் ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

“ஒரு ஸ்குரூ லூஸ் ஆவல. வாங்கிடலாம்.”

மறைமலை நகரில் வாடகைக்கு வீடு பார்த்தபோதும் இதே கதைதான். பக்கத்து வீட்டில் நண்பரை நிறுத்திவிட்டு, சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பதற்காக மனைவியைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அது சோதனை என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல மறந்துவிட்டார். அந்த அம்மாவோ கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த பதிலை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். நண்பருக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். சிண்டு சார் அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில் புனே தலைமை அலுவலகம் ஒரு நாள் கல்லைத் தூக்கிப் போட்டது. அதுவரை நாங்கள் ஆளாளுக்குத் தன் கம்ப்யூட்டரில் படம் வரைந்து மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’, ‘இதுதான் நிஜமாகவே கடைசி’ என்று ஃபைல்களுக்குப் பெயர் வைத்து, ஒரு முறை கோயம்புத்தூர் கிளையன்ட்டுக்குக் ‘கடைசி’யை அனுப்பிவிட்டோம். அவர்களுடையது இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் மெஷின் செய்கிற கம்பெனி. வாங்கிக் கட்டிக்கொண்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் வரைகிற மாதிரி ஒரு சாப்ட்வேரைத் தேர்ந்தெடுங்கள், அதில் புது பிரஸ்ஸுக்கான திரைகளைத் தொட்டுப் பார்க்கும்படி மாதிரி செய்து அதே கிளையன்ட்டுக்குக் காட்டுங்கள், அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் திரை வேலை புனேவுக்குப் போய்விடும் என்று உத்தரவு வந்தது. டீமைக் கலைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போடுவார்கள். தமிழ் எழுதுகிற என்னைப் போட ஒரு பக்கமும் இல்லை. தென்காசிக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அப்பா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்துக்கொண்டு, எனக்கு எப்போது வேலை போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்ட்வேர் விற்கிறவர்கள் வரிசையாக வந்து வித்தை காட்டினார்கள். டை கட்டிய ஒரு பையன், “எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்துல டிசைன் பண்ணலாம் சார்” என்றான்.

“சேராதவங்க?” என்று கேட்டார் சிண்டு சார்.

“சார்?”

“ஒத்துப் போறவங்களுக்கு சாப்ட்வேர் எதுக்குப்பா? ஒரு டீ வாங்கிக் குட்தா போதும். என்கிட்ட ரெண்டு பேர் கீறாங்க. மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. அவங்களுக்கு ஒத்துவருமா, அத்த சொல்லு.”

அந்த இரண்டு பேர் ஏழுமலையும் தணிகாசலமும். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், பங்காளிகள், அண்ணன் தம்பி பிள்ளைகள். திரையில் பட்டன்களை வரைவது ஏழுமலை, வயதில் மூத்தவர். எந்த பட்டனைத் தொட்டால் எந்தத் திரை வர வேண்டும் என்று இணைப்பது தணிகாசலம். ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு திரையைக்கூட முடிக்க முடியாது. ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவில் கரகம் மூத்தவர் வீட்டுக்குப் போவதற்கு முன்பே இளையவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து பேச்சு கிடையாது. நடுவில் என் நாற்காலி.

“மேடம், அவரு பட்டனை எப்ப குடுப்பாருன்னு கேளுங்க.”

“மேடம், குட்தாச்சு, கண்ணத் தொறந்து பாக்கச் சொல்லுங்க.”

இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஆள் அகலம்தான் இடைவெளி. அந்த ஆள் நான். அப்போது நான் டீமில் எழுத்தாளர் அல்ல, தபால்காரி.

முதல் சாப்ட்வேரில் யார் கடைசியாகச் சேமிக்கிறார்களோ அவர்கள் வரைந்ததுதான் நிற்கும். இது தெரிந்த நிமிஷத்திலிருந்து இருவரும் வரைவதை நிறுத்திவிட்டுச் சேமிக்க மட்டும் ஆரம்பித்தார்கள். ஒருவர் தட்ட, இன்னொருவர் தட்ட, விசைப்பலகைகள் கதறின. சாப்ட்வேர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஃபைலையும் எடுத்துக்கொண்டு மறைந்துபோனது. “கோழை” என்று எழுதினார் சிண்டு சார்.

இரண்டாவதில் ஒருவர் உள்ளே போனால் அடுத்தவருக்குக் கதவு பூட்டிவிடும். ஏழுமலை உள்ளே போனார், பூட்டினார், திருப்பதிக்கு மொட்டை போடக் கிளம்பிவிட்டார். அவர் திரும்பி வரும்வரை தணிகாசலம் பூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஓரவஞ்சனை” என்று எழுதினார் சிண்டு சார்.

மூன்றாவதில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம். ஒவ்வொருவருடைய அம்புக்குறியும் பெயரோடு திரையில் நகரும். எந்த இடத்திலும் குண்டூசி குத்துவதுபோல ஒரு கருத்தைக் குத்திவைக்கலாம். விஷயம் முடிந்ததும் யாராவது ஒருவர் அதில் ‘முடிந்தது’ என்று டிக் போட்டால் கருத்து மறையும். முதல் நாள் ஏழுமலையின் அம்பும் தணிகாசலத்தின் அம்பும் திரையின் இரண்டு மூலைகளில் மரியாதையாக நின்றன. வேலை நகர்ந்தது. எனக்குச் சந்தோஷம். சிண்டு சாருக்குத் தூக்கம் போய்விட்டது.

மறுநாள் அவர் டீ டம்ளரோடு ஏழுமலை பக்கம் சாய்ந்தார். “உன் பட்டனை எல்லாம் இஸ்துப் போடப்போறதா ஒரு பேச்சு அடிபடுதே, தெரியுமா?” அப்படியே தணிகாசலத்திடம் போனார். “நீ பயந்துகினு ஓரமா நிக்கிறேன்னு சொல்றாங்கப்பா. நான் நம்பல.”

அவர் தன் இடத்துக்குப் போய் உட்காருவதற்குள் திரையில் ‘ஓட்டு’ என்ற பச்சை பட்டன் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் பறந்தது. உடனே திரும்பி வந்தது. மறுபடி போனது. பிறகு முதல் குண்டூசி விழுந்தது.

ஏழுமலை எழுதியிருந்தார்: “யோவ், நிறுத்துனதும் வர்ற திரைல, நிறுத்து பட்டன் இருந்த அதே எட்துல ஓட்டு பட்டனை வெச்சிக்கீறியே, அறிவு கீதா? பதட்டத்துல நிறுத்துறவன் ரெண்டு வாட்டி தட்டுவான். மொதல் தட்டுல மெஷின் நிக்கும். ரெண்டாவது தட்டுல திரும்ப ஓடும். உள்ள கை இருந்தா?”

தணிகாசலம்: “கிளவுஸ் போட்ட கை, ஆயில் கை. ஷிப்டு பூரா அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் அலையணுமா? நீயா லைன்ல நிக்கிற?”

ஆடிக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. என் தபால் உத்தியோகம் அன்றோடு ஒழிந்தது. வசவுகளுக்கு நடுவே, ஒரு மெஷின் ஓட்டுபவருக்கு வரக்கூடிய அத்தனை சங்கடத்தையும் இரண்டு பேரும் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் யாரும் டிக் போடவில்லை. டிக் போட்டால் தோற்றுப்போனதாக அர்த்தமாம். கிளையன்ட் வருகிற காலையில் எங்கள் அழகான திரைகள் அம்மை போட்ட முகம் மாதிரி குண்டூசிகளோடு நின்றன.

நான் சிண்டு சாரிடம் ஓடினேன். “சார், கிளையன்ட் வந்துட்டாவ. எல்லாத்துலயும் நானே டிக் போட்டு மறைச்சிருதேன் சார். ஒரு நிமிசம் போதும்.”

“அது உன் சண்டை இல்லம்மா. கைய எடு.”

“வேலை போயிரும் சார்!”

“எனக்கும்தான் போவும்” என்றார். ஏ.சி. அறையில் அவர் தலை வியர்த்திருந்தது. எல்லோரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிற மனிதர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரும் எங்களோடு சேர்ந்து பயந்துகொண்டிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, கறாரான முகம். சுவரில் பெரிய திரை. ஒரு ஓரத்தில் வீடியோ காலில் புனே பெரியவர்கள். சிண்டு சார் திரைகளின் மாதிரியைத் திறந்தார். குண்டூசிகள் அத்தனையும் பளிச்சென்று தெரிந்தன. “அதை மறை, மறை” என்று புனேவிலிருந்து ஆங்கிலத்தில் பதறினார்கள். சிண்டு சார் மறைப்பதற்குப் பதில் முதல் குண்டூசியைத் திறந்துவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ‘யோவ்’ என்ற இடத்தில் புருவம் உயர்ந்தது. படித்து முடித்து, இரண்டாவது தடவை முதலிலிருந்து படித்தார். நான் மனசுக்குள் தென்காசி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

“இந்த ரெண்டாவது தட்டு சமாச்சாரத்தைச் சொன்னது யாருங்க?” என்று கேட்டார்.

எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

“எங்க பழைய மெஷின் ஒண்ணு நிறுத்துனதுக்கப்புறம் தானா ஓடிருச்சுங்க. நல்ல வேளை, ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. ஏன் ஓடுச்சுன்னு எல்லாரும் மண்டையை உடைச்சிக்கிட்டோம், புடிபடவே இல்லை. இப்பத்தானுங்க புரியுது. யாருங்க அது?”

தணிகாசலம் எழுந்து நின்றார். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க அண்ணன்தாம்மா” என்றார் தணிகாசலம்.

ஏழுமலை விருட்டென்று நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. “கை அலையக் கூடாதுன்னு சொன்னது என் தம்பிம்மா. அதுவும் கரெக்ட்டுதான். பட்டன் வேற எட்துல இருக்கட்டும், ஆனா கைக்கு எட்டுறாப்ல, பெர்சா இருக்கட்டும்.”

இருவரும் உட்கார்ந்து தங்கள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் சுவர்த் திரையில் நடந்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மூலையிலிருந்து ‘ஏழுமலை’ என்ற அம்பு கிளம்பியது. எதிர் மூலையிலிருந்து ‘தணிகாசலம்’ என்ற அம்பு கிளம்பியது. இரண்டும் அந்தக் குண்டூசியை நோக்கிப் பாய்ந்தன. டிக் விழுந்தது. கருத்து மறைந்தது. அடுத்த குண்டூசிக்குப் பாய்ந்தன. எதில் யார் முந்தினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா கைதட்டினார். விஷயம் புரியாமலே புனேவிலிருந்தும் கைதட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சிண்டு சார் அன்று புனேவுக்கு அனுப்பிய மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டே வார்த்தைகள்: “சண்டை தாங்கும்.”

திரை வேலை எங்களிடமே நின்றது. அது மட்டுமல்ல, புனே டீம் எங்கள் ஃபைலுக்குள் வந்து வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவானது. தென்காசியில் காத்திருந்த மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டார். எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் சாப்ட்வேர் தேர்ந்தெடுக்கச் சிண்டு சாரைப் பதவி உயர்வோடு புனேவுக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அவர் கிளம்பிய சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரே கூச்சல். நாங்கள் கொடுத்த பரிசுப் பெட்டியை அணைத்துக்கொண்டு சிண்டு சார் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் இரண்டு பைக் உறுமிக்கொண்டிருந்தன.

“சார் என் வண்டிலதான் வருவாரு. தள்ளு நீ” என்றார் ஏழுமலை.

“காலைலயே சொல்லி வெச்சிக்கீறன்ணா. நீ குறுக்க வராத” என்றார் தணிகாசலம்.

ஷிப்டு பஸ்கள் பின்னால் ஹாரன் அடித்தன. செக்யூரிட்டி விசில் ஊதினார். ஒருவரும் அசையவில்லை. சண்டை என்றால் கண் மின்னுகிற எங்கள் சிண்டு சார், அன்று மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் மூட்டிவிடாமல் எங்கள் டீமில் நடந்த ஒரே சண்டை அது. சமாதானம் செய்துவைக்க நான் போகவில்லை. போயிருந்தால், “என் ஸ்கூட்டியில வாங்க சார்” என்று நானும் கத்தியிருப்பேன்.