அதிராத துப்பாக்கியும் என் தோள்பட்டையும்

"வர்ற ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அஞ்சு குண்டும் ஒரு நாலணா காசுக்குள்ள விழணும். விழலேன்னா என் பேர் ரங்கநாதன் இல்லை!"

நான் இப்படிச் சபதம் செய்தபோது என் மனைவி சரசு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்க பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பாசேஜைக் குடுங்க."

பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலிலிருந்து பாத்ரூம் கதவுவரை பாசேஜ் சரியாகப் பத்து மீட்டர். என் ரைபிள் கிளப் போட்டிக்கும் அதே பத்து மீட்டர்தான். நான் பயிற்சி செய்கிற ஞாயிறுகளில் வீட்டில் யாரும் குளிக்க முடியாது, அவ்வளவுதான். சரசுவுக்கோ அந்தப் பாசேஜில் தையல் மிஷின் போட்டு, பக்கத்து வீட்டு ஜூடித்தோடு ஜாக்கெட் தைக்க ஆசை.

"சரி, தோத்தா பாசேஜ் உனக்கு."

"சத்தியமா?"

"உங்கம்மா மேல சத்தியமா."

"எங்கம்மா எதுக்கு? உங்கம்மா மேல பண்ணுங்க."

பண்ணினேன்.

என்னுடையது ஜெர்மன் ஏர் ரைபிள். ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் சுடும்போது குதிக்கும். இது குதிக்காது. சுட்டதும் மேல்பாகம் மட்டும் சின்னத் தண்டவாளத்தில் பின்னால் நழுவும். கட்டை தோளில் சாதுவாக இருக்கும். ஆயுத பூஜைவரை ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போனது. பூஜை முடிந்த முதல் ஞாயிறே குண்டுகள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டன; சபதமும் அன்றைக்குத்தான்.

நான் யார்? பொம்மசந்திராவில் கியர் கம்பெனியில் இருபது வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்! விடுவேனா? திங்களன்று குண்டு மாற்றினேன். செவ்வாய், ஸ்குரூவெல்லாம் முறுக்கினேன். புதன், குழலைத் துடைத்தேன். வியாழன், குறி பார்க்கும் சைட்டைக் கழற்றி மாட்டினேன். வெள்ளிக்கிழமை வாஸ்து மேலேயே சந்தேகம் வந்து, பாத்ரூமிலிருந்து வாசலைப் பார்த்துச் சுட்டேன். பால்காரர் வருவதை நிறுத்திவிட்டார்.

தினமும் சுட்டு முடித்ததும் சரசு என் தோளுக்குத் தைலம் தேய்த்தாள்.

"அதிராத துப்பாக்கின்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப தோள் ஏன் வலிக்குது?"

"வயசாச்சு சரசு."

"ஓஹோ, வயசா!" என்று இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஞாயிறு. மணி ஆறு. முதல் குண்டு குறி அட்டையின் ஓரத்தில். இரண்டாவது பாத்ரூம் தாழ்ப்பாளில். மூன்றாவது என் துண்டில். மற்ற இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

"ஆயித்தா? முடிஞ்சுதா?" என்று கன்னடத்திலும் தமிழிலும் கேட்டாள் சரசு.

தலையைத் தொங்கப்போட்டேன். அவள் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, துப்பாக்கியை மடியில் கிடத்தி, அந்தத் தண்டவாளத்துக்குள் விட்டு நோண்டினாள். கட்டி கட்டியாக மஞ்சளாய் உதிர்ந்தது.

சந்தனம்! ஆயுத பூஜையன்று, "எதெல்லாம் அசையுதோ அதுக்கெல்லாம் தாராளமா வைக்கணும்" என்று நானே அப்பிய சந்தனம். காய்ந்து சிமெண்டாகி, மேல்பாகத்தை நழுவவிடாமல் பிடித்திருக்கிறது. உதையெல்லாம் என் தோளுக்கு.

அவசரமாகச் சுட்டேன். ஐந்தும் நாலணாவுக்குள்! மணி ஆறே கால்.

"அடிப்பாவி! உனக்கு எப்பத் தெரியும்?"

"சத்தியம் வாங்குறதுக்கு முன்னாடியே. அன்னிக்கே தோள் வலிக்குதுன்னு தைலம் கேட்டீங்களே!"

வாசல் கதவு தட்டப்பட்டது. ஜூடித்தும் ஓர் ஆட்டோக்காரரும் புதுத் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சரசு வழிவிட்டபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிட்டேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம் நான்தான் வைப்பேன்."