அந்தோனியார் பூச்சட்டியும் குசினி டொக்டரும்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருசமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் கோயில் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் அந்த மனுசிக்கு நன்றி கெட்டவளாகிவிடுவேனோ என்று இன்னொரு பயம். நான் அதிகம் படித்தவளும் இல்லை. செபமாலை சொல்லவும் வீட்டைப் பார்க்கவும் போதுமான படிப்புத்தான். ஆனால் அண்மையில் கம்பளையில் ஒரு கல்யாண வீட்டில், பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா ஒருவர், என் வீட்டில் நடந்த கதையை என்னிடமே சொன்னார். அது என் வீடு என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்ன கதையில் குசினி டொக்டரே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பேனையைத் தேடினேன்.

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் குசினி டொக்டர் மூடி திறந்து பார்க்காத சட்டி கிடையாது. சிவனொளிபாதமலை ஏறாதவர்கள் இந்தப் பக்கம் இருக்கலாம். அவர் நுழையாத குசினி இருக்காது.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவர் சட்டையில் குத்தியிருந்தது. அதை யாரும் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தமிழ் ஆட்களுக்குக் குசினி டொக்டர், சிங்கள ஆட்களுக்குக் குஸ்ஸி டொக்டர். யாழ்ப்பாணத்துப் பெண். ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய குடை, தோளில் எப்போதும் ஐஸ் உருகாமல் வைக்கும் ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி. பெட்டிக்குள் ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவே சின்னச் சின்னப் போத்தல்களில் ஊரார் மூத்திரம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தயிர்க்காரி என்று நினைத்து "யோகட்டா நோனா?" என்று கேட்டால், "அதைவிடப் பெறுமதியான சாமான்" என்பார்.

அவர் கண்டியில் ஓர் ஆசுபத்திரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நல்லாயிருந்த ஒரு ஆளுக்குத் திடீரென்று சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தால், அது ஏன் என்று சீக்கிரம் கண்டுபிடிப்பது எப்படி, அதைத் திரும்ப வேலைக்கு வரவைப்பது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. எலிக்காய்ச்சலால் நிற்கும், பாம்பு கடித்தால் நிற்கும், நோவுக்குக் குளிசையை மிட்டாய் மாதிரி விழுங்கினாலும் நிற்கும். "என்ன எடுத்தீங்க?" என்று கேட்டால், உலகத்தில் எல்லா நோயாளியும் சொல்லும் பதில் "ஒண்ணும் இல்ல". அந்த ஒண்ணும் இல்லையை மட்டும் அவர் நம்பவே மாட்டார்.

"கிட்னி நிண்டிட்டுது எண்டது ஆசுபத்திரியில தெரியும். ஏன் நிண்டது எண்டது குசினியிலதான் தெரியும்" என்பார். விலாசம் கேட்பார். "வீட்டுக்கு வரலாமோ?" என்று மரியாதையாகத்தான் கேட்பார். நாம் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஸ்ஸில் ஏறியிருப்பார்.

சுகமாகி வீட்டுக்குப் போனவர்களையும் விடமாட்டார். நாவலப்பிட்டியில் ஒரு பெரியவர் கிளினிக்குக்கு வராமல் ஒளித்துத் திரிந்தார். அவரைத் தேடிப் போன நேரம், அந்த வீட்டில் பேத்திக்குக் கல்யாணச் சமையல். குசினி டொக்டர் வாசலில் நிற்காமல் நேரே சமையல் பக்கம் போய் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து மோந்து பார்த்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு அத்தை சோதனைக்கு வந்துவிட்டார் என்று எல்லோரும் நடுங்கிப்போய், கதிரை போட்டு, வடையும் பாயாசமும் கொடுத்து, பொண்ணைக் கூட்டிவந்து காலில் விழவும் வைத்திருக்கிறார்கள். இவர் ஆறுதலாகச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாராம்:

"எல்லாம் நல்ல ருசி. இனி, பெரியவரின்ர சலம் ஒரு சின்னப் போத்தலில எடுக்கலாமோ?"

ஆசுபத்திரி வாட்டில் அவர் வேறொரு கூத்து. காலையில் வந்ததும் நாடி பிடிக்கமாட்டார், நாக்கைப் பார்க்கமாட்டார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் மூத்திரச் சாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகைக்கடைக்காரர் கல் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இண்டைக்கு ஸ்கோர் எவ்வளவு?" என்று நேர்ஸ் மிஸ்ஸிடம் கேட்பார். கூடிவிட்டால் கை தட்டுவார். அந்த வாட்டில் படித்தவர், பணக்காரர் என்ற வித்தியாசம் கிடையாது. நிறையப் போனவன்தான் பெரிய மனுசன். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், பக்கத்துக் கட்டில் திரீவீல்காரப் பையன் தன்னை முந்திவிட்டான் என்று ஒருநாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தார்.

இந்த வாட்டுக்குத்தான் என் வீட்டுக்காரர் செபஸ்தியானைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. ஆனால் மாத்திரையும் கிளினிக்குமாக ஒழுங்காக இருந்தவர். எங்கள் கோயில் திருவிழா முடிந்த கையோடு அவருக்கு விக்கல் பிடித்தது. செபமாலை நேரத்தில் "அருள்நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தால் நடுவில் ஒரு விக்கல். "யாரோ நெனைக்கிறாங்க" என்று சிரித்தோம். பிறகு வாந்தி, முகம் வீக்கம். ஒன்றுக்கும் போகவில்லை. ஆசுபத்திரியில் இரத்தம் சோதித்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது என்றார்கள். சீனி வருத்தம் மெல்ல மெல்ல அரித்து முடித்திருக்கலாம், அப்படியானால் இனி ஆயுளுக்கும் இரத்தம் கழுவும் மெஷினில்தான் என்றார்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற மனுசன். அதைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

குசினி டொக்டர் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஐயா, என்ன குடிச்சனியள்?"

"ஒண்ணும் இல்லீங்க டொக்டர். தேத்தண்ணிகூட சீனி போடாமதான்."

"நாட்டு மருந்து?"

"அந்தப் பழக்கமே கெடையாதுங்க."

"நோவுக்குக் குளிசை?"

"இல்லீங்க."

"சாராயம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு விக்கல் வந்தது. "அது பழைய கதைங்க."

"இந்த விக்கல் எப்ப துவங்கினது?"

"திருவிழா முடிஞ்சதும்."

டொக்டரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "போன கிளினிக்கில இவரின்ர கிட்னி நல்லாத்தான் இருந்திருக்கு. மெல்ல அரிச்சது இப்பிடி ஒரே கிழமையில விழாது. விலாசத்தைச் சொல்லுங்கோ."

மறுநாள் மஹய்யாவயில் எங்கள் ஒழுங்கைக்குள் குடை நுழைந்தது. குடையையும் பெட்டியையும் கண்ட யாரோ ஒருவர் "டெங்கு செக் பண்ண வர்றாங்க" என்று கத்திவிட்டார். அவ்வளவுதான். நுளம்பு பெருகத் தண்ணீர் தேங்கியிருந்தால் வழக்குப் போட்டு நீதிமன்றம் ஏற்றிவிடுவார்களே. ஒழுங்கை முழுக்கப் பூச்சட்டி, வாளி, சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தள்ளினார்கள். நான் மட்டும் ஓடிப்போய், முற்றத்தில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் இருந்த பூச்சட்டியைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் என் குசினியைப் புரட்டி எடுத்தார். ரசச் சட்டியை மோந்தார். கிரைண்டரை மோந்தார். குப்பை வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டார். ஒன்றும் இல்லை. முதல்முறையாக ஒரு குசினி அவரை ஏமாற்றிவிட்டது. சோர்ந்துபோய் வெளிப்படியில் உட்கார்ந்தவர், ஒழுங்கையை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

"அக்கா, ஊர்ச் சட்டி முழுக்கக் கவிண்டு கிடக்குது. உங்கட சட்டி மட்டும் ஏன் நிமிந்து நிக்குது?"

"இதைக் கவுக்கக் கூடாதுங்க டொக்டர். உள்ள ஆசீர்வதிச்சது இருக்கு."

"என்னத்தை ஆசீர்வதிச்சது?"

"கோயில் பழம். சக்கைய குப்பையில போட முடியுங்களா? அதான் அந்தோனியார் காலடியில பொதைச்சோம்."

"கரண்டி ஒண்டு தாங்கோ."

"டொக்டர், அது புனிதமானது."

"நான் செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் கிண்டுறன்."

உண்மையாகவே கழற்றினார். நெற்றியில் திருநீறு வைத்த மனுசி, வெறுங்காலோடு குந்தி, சுரூபத்தை நிமிர்ந்து பார்த்து, "அந்தோனியாரே, குறை நினையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியை மண்ணில் வைத்தார். பிழிந்த சக்கை வந்தது. அதற்குள் பிழிபடாத இரண்டு மூன்று துண்டுகள், நட்சத்திரம் நட்சத்திரமாக.

"காமரங்காய்" என்றார், தங்கம் கிடைத்தவர் மாதிரி.

எங்கள் கோயிலில் நேர்ச்சையாக வரும் தேங்காய், கோழி, பலாப்பழம் எல்லாவற்றையும் திருவிழா முடிவில் ஏலம் போடுவார்கள். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மரத்துக் காமரங்காயை அந்த வருசம் கூடையோடு என் வீட்டுக்காரர் எடுத்தார். ஐந்து விளிம்புள்ள அந்தப் புளிப்புப் பழம் சீனிக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஏலத்தில் எடுத்ததை அழுகவிடக் கூடாது என்று தினமும் விடிய எழும்பிச் சாறு பிழிந்து பெரிய ஜக்கு நிறையக் குடித்தார். நற்கருணை வாங்கப் போகிறவர் மாதிரி, பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல்.

"வெறும் வயித்திலயோ?" என்று டொக்டர் கேட்டார்.

"பின்ன, சாப்பிட்டுட்டா கோயில் பொருளைக் குடிப்பாங்க?"

அவர் மண்கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டார். "சாப்பாடு கேட்டன், மருந்து கேட்டன், சாராயமும் கேட்டன். கோயிலைக் கேக்கேல்லையே."

அந்தப் பழத்தில் ஒரு உப்பு இருக்கிறதாம். வெறும் வயிற்றில் அவ்வளவு சாறு போனால் அது கண்ணாடித்தூள் மாதிரி சிறுநீரகத்தில் போய்ப் படியுமாம். விக்கலுக்கும் அந்தப் பழமேதான் காரணமாம்.

"அப்ப செத்துப்போச்சுங்களா டொக்டர், கிட்னி?"

"செத்திருந்தால் நான் இப்பிடி இருந்து கதைப்பனோ? நித்திரை எண்டு நினைக்கிறன். சத்தியம் பண்ண மாட்டன். எழுப்பிப் பாப்பம்."

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. "அப்ப ஆசீர்வாதம் பொய்யா டொக்டர்?"

அவர் காலைத் துடைத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். "ஆசீர்வாதம் மனுசருக்குத்தானே அக்கா. கிட்னிக்கு அதை ஆரும் சொல்லேல்லை."

பிறகு முதுகால் ஊசி போட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்த்ததில் அந்த உப்பு அப்படியே தெரிந்ததாம். சில தடவை மெஷினில் போட்டார்கள். சிறுநீரகத்துக்கு ஆகாத மாத்திரைகளை நிறுத்தினார்கள். குடிக்கும் தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் காத்திருப்பு. நான் அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், குசினி டொக்டர் சாடியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் தூக்கிப் பார்ப்பார், அடியில் ஒரு மிடறுகூட இருக்காது. திரும்பக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். கைதட்டாத குசினி டொக்டரைப் பார்க்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒரு காலை, நோயாளி பார்க்கும் நேரத்துக்காக நான் கேற்றில் நிற்கிறேன். உள்ளே இருந்து ஒரு ஆள் சாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறது. வழியில் பெரிய டொக்டருக்குக் காட்டி, கூட்டுகிற அண்ணனுக்குக் காட்டி, கேற்றுக் காவல்காரருக்கும் காட்டி, கடைசியில் என் முகத்துக்கு நேரே நீட்டியது.

"பாருங்கோ அக்கா. எழும்பிட்டுது."

அரைச் சாடி இருக்கும். நான் சிலுவை அடையாளம் போட்டேன். மூத்திரச் சாடிக்கு முன்னால் சிலுவை போட்ட கத்தோலிக்கப் பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆண்டவர் மன்னிப்பார்.

எல்லோருக்கும் இப்படித் திரும்பி வராது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அதனால்தான் ஃபாதரிடம் கேட்டு, ஞாயிறு பூசை முடிவில் மைக்கைப் பிடித்தார். சிலர் முறுமுறுத்தார்கள். "கோயில் பழத்துக்குப் பழி சொல்ல வெளியாள் வரணுமா?" என்றார் ஒருவர். "மரத்தை வெட்டிடுவோம்" என்றார் இன்னொருவர். "மரத்தில பிழையில்லை. வெறும் வயித்தில சாறாக் குடிக்காதேங்கோ, சீனி, கிட்னி வருத்தக்காரர் தொடவே தொடாதேங்கோ" என்றார் டொக்டர். அன்றிலிருந்து அவர் ஆராய்ச்சியில் ஒரு கேள்வி கூடியது. சாப்பாடு, மருந்து, சாராயம் கேட்டபிறகு, "கோயில், பள்ளிவாசல், பன்சலையில இருந்து ஏதும் வந்ததோ?" என்றும் கேட்பார். ஒண்ணும் இல்லை என்றவர்கள் அந்த இடத்தில்தான் வாயைத் திறந்தார்களாம்.

அடுத்த திருவிழாவுக்கு ஏலத்தில் முன்வரிசையில் அந்தக் குடை. காமரங்காய்க் கூடை வந்ததும் குசினி டொக்டர் கையைத் தூக்கினார். வேறொருவர் கேட்டால் மேலே கேட்டார். கோயிலுக்கு நாலு காசு கூடட்டுமே என்று என் வீட்டுக்காரரும் ஒரு குரல் கொடுத்தார்.

"செபஸ்தியான் ஐயா, நீங்கள் வாயை மூடுங்கோ."

கோயில் முற்றமே சிரித்தது. முறுமுறுத்தவர்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை கூடப்போனார். இடமாற்றம் கிடைத்துப் போகும்வரை ஒவ்வொரு வருசமும் குசினி டொக்டரே கூடையை எடுத்தார்.

அவர் போன பிறகு வந்த திருவிழாவில் கூடை மேடைக்கு வந்தது. முன்வரிசையில் குடை இல்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், கையைத் தூக்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு இருவரும் முழித்தோம். குடிக்கவும் முடியாது, எறியவும் முடியாது. கடைசியில் புளிப்பு பித்தளைக்கு நல்லது என்று ஞாபகம் வந்தது. சாற்றைப் பிழிந்து கோயில் மெழுகுதிரித் தண்டுகளை எல்லாம் அவரே உட்கார்ந்து தேய்த்தார். இப்போதும் வருசாவருசம் தேய்க்கிறார். பீடத்தில் அவை மின்னும்போது, வெளிச்சத்தில் சாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஒல்லியான உருவம்தான் எனக்குத் தெரியும்.

கோயில் பழம் நஞ்சு என்று ஒரு கதை ஊரில் திரிகிறது. அந்தோனியாரே நேரில் வந்து கிட்னியை எழுப்பினார் என்று இன்னொரு கதை திரிகிறது. நீங்கள் இதை யாருக்காவது சொல்வதானால் நான் எழுதியபடியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். அந்தோனியாரை விட்டுவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் காலடியில் கிண்டிய அந்த மனுசியையும் விட்டுவிடாதீர்கள்.