மூடி அக்கா வந்த நிச்சயதார்த்தம்

அந்த வெள்ளிக்கிழமை காலை சரியாகப் பத்து நாற்பதுக்கு, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவரை ஐந்து சமையல்காரர்கள் வரிசையாக ஏறிக் குதித்தார்கள். கடைசியாகக் குதித்தவர் மாஸ்டர். அவருடைய உடம்புக்கு அது ஏறக்கூடிய சுவரே அல்ல. ஆனாலும் ஏறினார். கையில் வடை அள்ளும் ஜல்லிக்கரண்டி இருந்தது, அதையும் கொண்டுபோய்விட்டார். அவர்களைத் துரத்தியது வெறிநாய் இல்லை, போலீஸ் இல்லை. பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, கைப்பையோடு சமையலறை வாசலில் நின்ற ஒரு பெண்மணி. அவர்தான் மூடி அக்கா. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அடுப்பு மூட்டிப் பிழைக்கிற அத்தனை பேரும் ஒரே ஒருவருக்குப் பயப்படுவார்கள் என்றால், அது அவருக்குத்தான்.

ஓடிப்போனவர்கள் சமைத்துக்கொண்டிருந்தது என் மகள் பவித்ராவின் நிச்சயதார்த்த விருந்து. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அதனால் முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் எனக்கும் கொஞ்சம் மூச்சு வரும்.

கடலூரில் எங்கள் தெருவில்தான் அக்கா வீடு. அதிரசம், முறுக்கு, சீப்புச் சீடை என்று ஆர்டர் வாங்கிச் செய்து கொடுப்பார். ஊரடங்கு வரைக்கும் நம்மைப் போலச் சாதாரண மனுஷியாகத்தான் இருந்தார். ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், உணவுத் தொழில் செய்கிறவர்களுக்கான இலவச ஆன்லைன் பயிற்சி ஒன்று அவர் செல்போனில் அகப்பட்டது. கை கழுவுவது எப்படி, எதை எதோடு சேர்த்து வைக்கக் கூடாது, எதை எவ்வளவு சூட்டில் வைக்க வேண்டும் என்று தமிழிலேயே பாடம். முடித்தால் சான்றிதழ். அக்கா முடித்தார். அத்தோடு பழைய அக்காவும் முடிந்தார்.

முதலில் தன் சமையலறையைத் திருத்தினார். பிறகு கணவரைத் திருத்தினார். அந்த மனிதர் ஒருநாள் என்னிடம், “எங்க வீட்டுல இப்ப மூடி போடாம இருக்கறது நான் ஒருத்தன்தான் சார்,” என்றார். அதன் பிறகு தெரு. தெரு முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உலகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு பை நிறைய மூடிகள். எவர்சில்வர், அலுமினியம், பெரிசு, சிறிசு. எந்தக் கடையில் எது திறந்து கிடந்தாலும் இறங்கிப் போய் மூடுவார். ஒரு டீக்கடையில் வடைத் தட்டைத் தாம்பாளத்தால் மூடப்போக, “நமுத்துப் போயிடும்க்கா, அப்புறம் வடைய நீங்களே வாங்கிக்குங்க,” என்று கடைக்காரர் அழாத குறை. மறுநாள் அக்கா ஈ புகாத வலைக்கூடை ஒன்றோடு போனார். வடை மொறுமொறுவென்று இருந்தது. கடைக்காரர் மட்டும் நமுத்துப் போயிருந்தார்.

மூடுவது சும்மா முன்னுரைதான். மூடியபின், “இலவசமா ஒரு கிளாஸ் இருக்கு. செல்போன்லயே பாக்கலாம், சேந்துக்குங்க,” என்பார். சனியன் பிடித்ததே அந்த ‘இலவச’த்தில்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீன் வறுவல் போடும் அம்மாள் ஒருவர் அக்காவை மேலும் கீழும் பார்த்து, “காசு வாங்காம சொல்லிக் குடுக்கறியா? அப்ப என்னாத்த விக்க வந்த?” என்றார். எதையும் விற்க வரவில்லை என்றார் அக்கா. “ஒண்ணும் விக்காதவ இம்மாம் வெயில்ல எதுக்கு வர?” அக்கா மீன் தட்டை மூடிவிட்டு ஸ்கூட்டியில் ஏறினார்.

மற்ற கடைகளில் அக்காவை ஆபீசர் என்று நினைத்தார்கள். மாறுவேடத்தில் சோதனைக்கு வந்தவர் என்று. அந்தப் பயத்தைப் போக்குவதற்காக அக்கா கடைக்குள் நுழையும்போதே ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டு நுழைவார். “பயப்படாதீங்க, நான் ஆபீசர் இல்ல.” இந்த இரண்டு ஊரிலும் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்துவிடுவார். அவசரமாக டீ வரவழைப்பார். டம்ளர் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தது என்பதால் அக்கா குடிக்க மாட்டார். டீ கூட வாங்கிக் குடிக்காதவர் என்றால் எவ்வளவு பெரிய ஆபீசராக இருக்க வேண்டும். பிறகு ஊர் ஊராகப் போன் பறக்கும். ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கும்.

ஆனால் விடமாட்டார். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பரோட்டா மாஸ்டரை எப்படியோ சேர்த்துவிட்டார். அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாவடித்தபடியே பாடம் கேட்டார். பரீட்சைக் கேள்வி வந்ததும் சாப்பிடுகிறவர்களைக் கேட்டார். “பச்சக் கறியயும் வெந்த கறியயும் ஒரே கத்தில வெட்டலாமா, சொல்லுங்க சார்.” மென்றுகொண்டிருந்த அத்தனை வாயும் ஒரே நேரத்தில் நின்றது. அன்றைக்கு அந்தக் கடைக்கு இரண்டாவது கத்தி வாங்க ஓடிய ஆள் சாப்பிட வந்தவர்களில் ஒருவர்.

உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன். யாரும் அனுப்பவில்லை, சம்பளமில்லை, பெட்ரோலும் சொந்தம். அக்கா மூடியைத் துடைத்துக்கொண்டே, “கிளாஸ் முடிக்கறதுக்கு முந்தி எவ்ளோ அதிரசம் செஞ்சி குடுத்திருக்கேன் தம்பி. சாப்ட்டவங்கல்லாம் நல்லாத்தான் இருக்காங்களான்னு இப்ப நெனச்சா தூக்கம் வரல,” என்றார். நிறையச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீடு கீரப்பாளையம். இரண்டு பக்கத்துக்கும் சௌகரியம் என்று சிதம்பரத்தில் மண்டபம் பிடித்தோம். எனக்குக் கவலை முழுக்க மாப்பிள்ளையின் அம்மாவைப் பற்றி. பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயே திறக்கவில்லை. கேசரி நன்றாக இருந்ததா, பெண் பிடித்ததா, எங்களைப் பிடித்ததா, ஒன்றும் தெரியவில்லை. போகும்போது, “சாப்பாடு மட்டும் பாத்துக்குங்க,” என்று சொன்னதாக என் மனைவி சொன்னாள். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் மாத்திரை போட்டுத் தூங்கினேன். சாப்பாட்டில் ஏதாவது கோணலானால் இந்தச் சம்பந்தமே கைநழுவிப் போய்விடும் என்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பவித்ராவுக்கு அந்தப் பையனை அவ்வளவு பிடித்திருந்தது.

இந்த நிலைமையில் அவள்தான் அக்காவை அழைத்தாள். நான் தனியாகப் போய், மூடி வேண்டாம், கிளாஸ் வேண்டாம், விருந்தாளியாக மட்டும் வாருங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். “பட்டுப்புடவ கட்டிக்கிட்டு ஓரமா ஒக்காந்திருக்கேன் தம்பி,” என்றார் அக்கா. உட்கார்ந்தும் இருந்தார். தாகம் எடுத்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் வரைக்கும்.

போகும் வழியில் பாயச அண்டா திறந்திருந்தது. அக்காவின் கால் நின்றுவிட்டது. கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் தலையுறையை எடுத்து மல்லிகைக்கு மேலே மாட்டினார். சமையலறை வாசலில் நின்று, முடிந்தவரை கனிவாக, “பயப்படாதீங்க, நான் ஆபீசர் இல்ல,” என்றார்.

சுவர் பக்கம் போனவர்களைப் பற்றித்தான் ஏற்கெனவே சொன்னேனே.

நான் உள்ளே போனபோது எண்ணெயில் வடைகள் தனியாக வெந்துகொண்டிருந்தன. உலை கொதிக்கிறது, அரிசி போட ஆளில்லை. சம்பா சாதத்துக்கு மிளகும் சீரகமும் வறுத்தபடி, கொத்சுக்குக் கத்திரிக்காய் வதக்கியபடி கிடக்கிறது. நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். “ராவு காலத்துல வேற என்னா நடக்கும்?” என்றாள் என் மனைவி. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

என் மச்சானுக்குத்தான் அது உறைத்தது. “மாமா, மாப்ள வீட்டுக்காரங்களும் ராவு காலம் பாக்கறவங்கதான. பன்னண்டுக்கு முந்தி வீட்ட விட்டுக் கெளம்ப மாட்டாங்க. நேரம் இருக்கு.” நாற்பது வருடமாக ராகு காலத்தைக் கிண்டல் செய்துவந்த நான் அந்த நிமிடம் அதைக் கும்பிட்டேன்.

மச்சான் உள்ளூர் ஓட்டல்காரர் ஒருவருக்குப் போன் போட்டார். முழுச் சாப்பாடும் அனுப்புகிறேன் என்றுதான் அவர் ஆரம்பித்தார். பின்னணியில் அக்காவின் குரல் கேட்டதும், தான் மதுரையில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கண்டக்டர், “சிதம்பரம் வந்தாச்சு, எறங்குங்க,” என்று கூவிக்கொண்டிருந்தார்.

அக்கா தலையுறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். “தம்பி, பொண்ணு காரியத்த கெடுத்துட்டேனே,” என்றார். அந்த வாயில் இவ்வளவு சின்னக் குரலை நான் கேட்டதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் நல்லதாக வந்திருக்காது.

அப்போதுதான் பவித்ரா வந்தாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருந்தது. அக்கா கையிலிருந்த உறையை வாங்கி அவர் தலையிலேயே மாட்டிவிட்டு, “அழுவறதுக்கு இப்ப நேரமில்லக்கா. கைய எங்க கழுவணும், அத சொல்லுங்க,” என்றாள்.

அவ்வளவுதான். அக்காவுக்கு உயிர் வந்தது. மண்டபத்தில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் குழாயடியில் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றி ஒரு தாம்பாளத்தில். நிச்சயதார்த்தத் தட்டைவிட அந்தத் தட்டில் நகை அதிகம். என் சித்தப்பாவின் மோதிரம் கல்யாணத்தன்று போட்டது, சதைக்குள் புதைந்துவிட்டது, கழலவே கழலாது என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அக்கா சோப்புப் போட்டு உருவிய உருவில் வந்துவிட்டது. சித்தப்பா வெறும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

பெரியம்மா கொண்டையையும் பூவையும் எடுக்க மாட்டேன் என்று சொல்லி அதன் மேலேயே உறை மாட்டியதில், தலை பூசணிக்காய் அளவுக்கு ஆனது. இருமல் சளி இருப்பவர்கள் சமையலறைக்குள் வரக் கூடாது, நாற்காலி போடப் போகலாம் என்று அக்கா அறிவித்ததுதான் தாமதம், எங்கள் குடும்பத்துச் சோம்பேறிகள் அனைவரும் இருமத் தொடங்கினார்கள். உப்புப் பார்க்க விரலை விட்ட மச்சான் கையில் ஓர் அடி விழுந்து, புதுக் கரண்டி ஒன்று வந்து சேர்ந்தது. படம் எடுக்க வந்தவருக்கும் தலையுறை. காய் நறுக்கும் பலகை வேறு, வெந்ததற்குத் தட்டு வேறு. அக்கா நடுவில் நின்று பாடத்தை முதலிலிருந்து ஒப்பிக்கிறார். எங்கள் பெரியம்மாக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் திருப்பிச் சொல்கிறார்கள். ஆபீசில் கோப்பு நகர்த்துகிற நான், எனக்கே தெரியாமல், கத்திரிக்காய் மசித்துக்கொண்டிருந்தேன். யார் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

சம்பா சாதம் மணத்தது. கொத்சு எண்ணெய் கக்கியது. வடை எடுக்க ஜல்லிக்கரண்டி இல்லாததால் மச்சான் டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்தார். அக்கா பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நாதஸ்வரம் கேட்டது. வேன் வந்துவிட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவதற்குள், பின்கதவில் நிழல் விழுந்தது. கூட்டத்தோடு முன்வாசலில் நுழையாமல், மாப்பிள்ளையின் அம்மா நேராக மணம் வந்த திசைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே அவர் கணவர்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டியை நிறுத்தவும் இல்லை. “செருப்ப வெளிய விட்டுட்டு, கைய நல்லா கழுவிட்டு உள்ள வாங்க,” என்றார்.

சம்பந்தியம்மாளை, நிச்சயதார்த்தத்தன்று, கை கழுவிவிட்டு வரச் சொல்லியாயிற்று. பவித்ரா என் முகத்தைப் பார்த்தாள். மை போட்ட கண்ணும் போடாத கண்ணும் ஒன்றாகக் கலங்கின. என் மனைவி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பூசணித் தலைகளை, நகைத் தாம்பாளத்தை, கத்திரிக்காய் படிந்த என் சட்டையை. பிறகு செருப்பைக் கழற்றினார். வளையல்களை ஒவ்வொன்றாக உருவிக் கணவர் கையில் கொடுத்தார். குழாயடிக்குப் போய் விரல் இடுக்கு, மணிக்கட்டு எல்லாம் தேய்த்து, நிதானமாகக் கழுவினார். உள்ளே வந்து அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்தக் குடும்பத்தோடு முதல் முறையாக முழுசாகப் பேசினார்.

“எங்க மாமியாரு ஊறுகா ஜாடியில ஈரக் கைய விடுவாங்க. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து சொல்லணும்னு பாக்கறேன், வாய் வரல. அந்த வீட்டுக்கு இந்த மாதிரி ஒரு ஆளு வேணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சம்பந்தி, பொண்ணோட இவுங்களையும் அனுப்பி வெப்பீங்களா?”

“பொண்ண சந்தோஷமா அழைச்சிக்கிட்டுப் போங்க சம்பந்தி,” என்றேன். “அக்காவ மட்டும் கேக்காதீங்க.”