கணக்கு டீச்சர் வரலாறு எழுதப் போன கதை

பெண் குழந்தைகளின் உயர்நிலைக் கல்வி படிப்படியாக எப்படிச் சீர்பட்டு வந்தது என்பதை ஆறு தொகுதிகளாக எழுதி வைப்பது என்று திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகம் முடிவு செய்தது. நல்ல முடிவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுத ஆள் வேண்டுமே! பதினொரு பெண்கள் பள்ளிகளிலிருந்து பள்ளிக்கு ஒரு டீச்சரைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். சர்க்காரில் தற்காலிகம் என்றால் எத்தனை காலம் என்று உங்களுக்கே தெரியும்.

லீலாபாய் தலைமையாசிரியையாக இருந்த தமிழ்வழிப் பள்ளியிலிருந்து போனவர் கணக்கு டீச்சர் பொன்னம்மை. ஜூனில் போனவர் நவம்பர் ஆகியும் திரும்பவில்லை. மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. முப்பத்தொரு பிள்ளைகள் இரண்டாம் பாடத்திலேயே நின்றார்கள். தமிழ் டீச்சரான லீலாபாய் தானே சாக்பீஸை எடுத்துப் பார்த்தார். முதல் பெஞ்ச் ஜெஸ்லின் எழுந்து, “டீச்சர், நாங்க பாஸாவோமா?” என்று கேட்டதும் சாக்பீஸைக் கீழே வைத்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போனார்.

வரலாற்றுக்குப் பொறுப்பான அதிகாரி பத்மகுமார் மரியாதையாக நாற்காலி காட்டினார்.

“சார், எங்க கணக்கு டீச்சரைத் திருப்பித் தாங்க. பிள்ளையளெல்லாம் தோத்துப் போவும்.”

“அதெங்ஙனெ முடியும் டீச்சரே? அவங்க நாலாம் தொகுதியில்லே எழுதறாங்க! முக்கியமான பாகம்.”

“என்ன பாகம்?”

“பெண்குட்டிகளுக்குக் கணக்குப் பாடம் கிடைச்ச சரித்திரம்.”

“எங்க பிள்ளையளுக்குக் கிடைக்கலியே சார்!”

“அப்படியா? அது அஞ்சாம் தொகுதியில சேர்க்கலாம்” என்று பத்மகுமார் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்.

“சரி, வேற ஆளாவது தாங்க.”

“வேகன்ஸி இல்லல்லோ. ரெக்கார்டுபடி பொன்னம்மை டீச்சர் உங்க ஸ்கூல்லதானே ஜோலி பாக்கறாங்க!”

லீலாபாய்க்கு வந்த கோபத்தில் நல்ல யோசனையும் சேர்ந்து வந்தது. மறுநாள் முப்பத்தொரு பிள்ளைகளையும் பஸ் ஏற்றித் தம்பானூரில் இறக்கி, நடத்திக் கூட்டிவந்து அலுவலக வராந்தாவில் உட்கார வைத்தார். பொன்னம்மை நாலாம் தொகுதியை மூடிவிட்டு ஓடிவந்தார். பாடம் எடுக்காமல் ஐந்து மாதம் கையும் நாக்கும் அரித்துக் கிடந்திருக்கின்றன. சத்தம் கேட்டுப் பக்கத்து மேஜை சயின்ஸ் டீச்சரும் எழுந்து வந்தார். மத்தியானத்துக்குள் பதினொரு டீச்சர்களும் ஆளுக்கொரு மூலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

மெமோ வரும் என்று லீலாபாய் பயந்தார். பத்மகுமாரோ போட்டோ எடுத்தார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது: ‘ஆசிரியர் இருக்குமிடத்தை மாணவியர் நேரில் அடைந்து பயன்பெறும் முன்னோடித் திட்டம்.’ மார்ச்சில் முப்பத்தொருவரும் தேறினார்கள். லீலாபாய் சந்தோஷத்தில் தெருவில் போனவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

ஜூன் பிறந்ததும் அலுவலக வாசலில் அட்மிஷனுக்கு வரிசை நின்றது. பதினொரு டீச்சர்கள் ஒரே கூரையின் கீழ் வேறெங்கே கிடைப்பார்கள்? வரிசையில் முதலாவதாக, ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மகள் ஸ்ரீலட்சுமியோடு லீலாபாய் நின்றார். பெற்றவளாகவும் யோசிக்க வேண்டுமல்லவா? அலுவலகம் மணி வாங்கியது. பத்மகுமார் கூடுதல் பொறுப்பாகத் தலைமையாசிரியர் ஆனார்.

லீலாபாயின் பள்ளியில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. இருந்தவர்களும் டி.சி. வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். பிள்ளையில்லாத பள்ளிக்குக் கணக்கு டீச்சர் எதற்கு என்று பணியிடத்தை ரத்து செய்தார்கள். இல்லாத பணியிடத்திலிருந்து ஒருவரை அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க விதியில்லை. ஆகவே பொன்னம்மையை, காலியிடம் இருந்த ஓர் ஆண்கள் பள்ளிக்கு மாற்றினார்கள். மற்ற பத்துப் பள்ளிகளிலும் இதே கதைதான்.

ஜூலையில் லீலாபாய் மறுபடியும் பத்மகுமார் முன்னால் வந்து நின்றார்.

“சார், என் மவளுக்குக் கணக்கு டீச்சர் இல்ல.”

“அறியாம் டீச்சரே, நல்லாத் தெரியும். ஹெட்மாஸ்டர்னு நானும் ரெண்டு மனு போட்டாச்சு.”

“யாருக்கு?”

“இந்த ஆபீஸுக்குத்தான். எனக்கு.”

“என்ன பதில் வந்தது?”

பத்மகுமார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“வேகன்ஸி இல்லையாம்.”