உபயதாரர் பிடித்த வகையில்

போடிநாயக்கனூர்,
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மகாராஜன் அவர்களுக்கு மச்சான் சுருளிவேல் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை; மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சென்னையில் நீங்களும் என் தங்கை சூர்யகலாவும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். குறிப்பாக நீங்கள் இருக்க வேண்டும், ஏனென்றால் கேட்க வேண்டியதையெல்லாம் நான் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் சிலமலைப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் அடைந்து போடிமெட்டு ஏறுவது உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்தவள் மடியில் ஒருத்தி, அவள் மடியில் நாலு பேர் தூக்குவாளி. போன மழையில் ஒரு ஜீப்பு வளைவில் சாய்ந்து பாண்டீஸ்வரிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுப் பிரித்த கையோடு அவள் சங்கம் ஆரம்பித்தாள். கேட்பது ஒன்றே ஒன்று: காலையில் மலைக்கு ஒரு பஸ். அதைப் போக்குவரத்து அதிகாரியைக் கூப்பிட்டு வைத்து முகத்துக்கு நேரே கேட்க ஒரு மாநாடு. தபாலாபீசில் ஓய்வு பெற்றவன், எழுதப் படிக்க ஆளாச்சு என்று என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டாள். சங்கத்தின் கையிலோ ஒன்றுமில்லை. கம்பெனிகளுக்கு மாநாடு நடத்திக் கொடுக்கிறவராயிற்றே என்று உங்களுக்குப் போன் போட்டேன். "ஸ்பான்சர் பிடிங்க மச்சான். தங்கம், வெள்ளின்னு தரம் பிரிச்சா ஆளுக வரிசையில நிப்பாக" என்றீர்கள்.

ஸ்பான்சர் என்றால் ஊருக்குப் புரியாதே என்று நல்ல தமிழில் நோட்டீஸ் அடித்தேன்: "மலையேறும் மகளிர் மாநாடு. தங்க உபயதாரர், வெள்ளி உபயதாரர் வரவேற்கப்படுகிறார்கள்." இதில் எழுத்துப் பிழைகூடக் கிடையாது. ஆனால் இந்த ஊரில் உபயம் என்றால் கோயில், மலையேறுவது என்றால் சாமி. சாமி வந்து ஆடுகிற பெண்களுக்கு, அந்தச் சாமி மலையேறுகிற நேரத்தில் நடக்கும் விழா என்று முடிவு கட்டிவிட்டார்கள். நகைக்கடைக்காரர் "அம்மனுக்குக் கவசமா, கண்மலரா?" என்றார். பஸ் என்றேன். "வாகனமா? அப்ப சிம்மமா, மயிலா?" என்றார். ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் வெண்கல மணியை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மூக்கம்மாள் என்றொரு அம்மாள் கிடாயையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "ஆத்தா, இது மாநாடு" என்றேன். "எந்தக் கட்சி?" என்றாள். கட்சியெல்லாம் இல்லை என்றேன். "அப்பச் சாமிதான்" என்று சொல்லிக் கிடாயை என் வீட்டுக் கொய்யா மரத்தில் கட்டினாள். மிச்சமிருந்த நோட்டீசையெல்லாம் அது தின்றது. அதுவரைக்கும் லாபம்.

விவரம் புரிந்து வந்தவர்கள் இதைவிட மோசம். பிளக்சில் ஆளுக்கொரு படம் போட்டு முடித்தபோது "பஸ் வேண்டும்" என்ற வரிக்கு இடமில்லை. அதைப் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாம் என்றார் பிளக்ஸ் கடைக்காரர். கடைசியில் தங்க உபயதாரர் ஆனது யார் தெரியுமா, ஜீப்பு பால்சாமி. "பொம்பளைக வந்துபோக நம்ம ஜீப்பு எல்லாம் இலவசம்ண்ணே. மேடையில மட்டும் என்னைய நல்லபடியாச் சொல்லணும்" என்றான். ஜீப்பு வேண்டாம் என்கிற மாநாட்டுக்கு ஜீப்புக்காரன் உபயம். உனக்கு அறிவிருக்கா மாப்ளே, இப்படியொரு யோசனை சொல்ல? மன்னிக்கவும், கோபத்தில் ஒருமை வந்துவிட்டது. மாப்பிள்ளை மரியாதை அப்படியேதான் இருக்கிறது. பாண்டீஸ்வரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அவன் ஜீப்புல ஏறி அவனையே வைய என்னண்ணே கூச்சம்? தெனமும் அதத்தான செய்றோம்" என்றாள்.

நேற்று மாநாடு. அதிகாரி போடிமெட்டில் சோலியை முடித்துவிட்டு மண்டபத்துக்கு இறங்குவதாக ஏற்பாடு. பெண்கள் அரைநாள் வேலை பார்த்துவிட்டுப் பால்சாமி ஜீப்பில் இறங்குவதாக ஏற்பாடு. மண்டபத்தில் உபயதாரர்கள் மட்டும் முன்வரிசையில் இருந்தார்கள். யாரும் வராததால் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள். சாப்பாட்டு உபயதாரர் தன் ஆட்களோடு பந்தியை முடித்துக் கையும் கழுவிவிட்டார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இதோ வந்துவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது.

அவர்கள் மலையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இலவசம் என்பதால் பால்சாமியின் டிரைவர் வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றியிருக்கிறான். பின்னால் வந்த அதிகாரி கண்ணில் அது பட்டு, வளைவில் வண்டியை மறித்துவிட்டார். "மாநாட்டு வண்டி சார், உங்க மாநாடுதான்" என்றானாம் டிரைவர். அதிகாரி எல்லாரையும் இறக்கி எண்ண ஆரம்பித்து, பாதியில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணியிருக்கிறார். பாண்டீஸ்வரி முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

"இந்தத் தோளு இதே வளைவுலதான் சார் எறங்குச்சு. நீங்க இந்த ஜீப்பப் பிடிச்சிட்டுப் போயிருவீக. நாளைக்கு விடியக்காலம் நாங்க வேற ஜீப்புல தொங்குவோம். எண்ணுனது போதும் சார், ஒரு பஸ்சு விடுங்க."

அவர் எண்ணுவதை விட்டுவிட்டாராம். அங்கேயே நின்று டிப்போவுக்குப் போன் போட்டிருக்கிறார். பிறகு மேலேயிருந்து வந்த கேரளா பஸ்சை நிறுத்தி எல்லாரையும் ஏற்றி அனுப்பினார். அவர்கள் பசியோடு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே நானும் வெண்கல மணியும்தான் இருந்தோம். பால்சாமியின் ஜீப்பு ஸ்டேஷனில் நிற்கிறது. "நன்றியுரையில எம் பேரைச் சொல்லலையேண்ணே" என்பதுதான் அவன் வருத்தம்.

ஆக, ஒரு பொம்பளை ரோட்டில் நின்று வாயைத் திறந்ததும் நடந்த காரியத்துக்கு நான் கடை கடையாய்ப் பல்லைக் காட்டியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இனி உபயதாரர் என்ற சொல்லை என் காதில் யாரும் போடக் கூடாது. செயலாளர் பதவியையும் விட்டுவிடப் போகிறேன். தங்கைக்கு என் ஆசி, பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு என் பழைய மரியாதை.

இப்படிக்கு,
கொய்யா மரமும் மொட்டையாகிப்போன
சுருளிவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் பாண்டீஸ்வரி வந்தாள். திங்கட்கிழமை விடிய பஸ் நிச்சயமாம், டிப்போவில் சொல்லிவிட்டார்களாம். சிலமலைக்கு ரோடு பிரிகிற விலக்கில் நிற்குமாம். ஆனால் அங்கே மழைக்கு ஒதுங்க ஒரு நிழற்குடை இல்லை. "நீங்கதாண்ணே யாரையாச்சும் பிடிக்கணும்" என்றாள். அந்தத் தோளைப் பார்த்தேன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வெள்ளி உபயதாரர் மூக்கம்மாள், கிடாயை விற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். தங்க உபயதாரர் நீங்கள். பெயிண்டரிடமும் சொல்லியாகிவிட்டது. "உபயம்: மகாராஜன், சென்னை" என்பதில் எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று மட்டும் வெரசா எழுதவும்.