நாலாவது வால்வு

நான்கு வால்வுகளில் மூன்றுதான் எரிந்தன.

மணி நாலேகால். ஆறு மணிக்குச் சங்கத்தார் வந்துவிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முன்னறையில் மேசைக்கு எதிரே மண்டியிட்டு, எரியாத நாலாவது வால்வை, அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை அடைத்த பிறகு தினமும் உட்கார்ந்து, இரண்டு வருடம் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்த ஆம்ப்ளிஃபையர். நேற்றுவரை நன்றாகப் பாடியது.

சங்கம் என்றால் ஒலி ரசிகர் சங்கம். ஒன்பது உறுப்பினர்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி, அவருடைய கருவியைக் கேட்பார்கள். கடைக்காரர் பதினான்கு மாதமாக விருந்தாளி. உறுப்பினர்களுக்கு நாற்காலி, விருந்தாளிக்குக் கடைசியில் ஒரு முக்காலி. விருந்தாளி தன் கருவியை ஒரே ஒரு தடவை வைத்துக் காட்டலாம். தலைவர் கையைத் தூக்கினால் நாற்காலி கிடைக்கும். தூக்காவிட்டால் முக்காலியும் போய்விடும்.

இது சங்கத்தின் சட்டம். வீட்டில் வேறொரு சட்டம் இருந்தது. அவர் மனைவி துணி தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் மெஷின் இரண்டு வருடமாகக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்தது. முன்னறையை ஆம்ப்ளிஃபையர் எடுத்துக்கொண்டது. தலைவர் கை தூக்கினால் முன்னறை அந்தப் பெட்டிக்கு, இல்லாவிட்டால் மெஷினுக்கு என்று போன வாரம் இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

கடைக்காரர் கரண்டிக் காம்பால் வால்வை மெதுவாகத் தட்டினார். ஒருமுறை கண் சிமிட்டியது. அந்தத் தைரியத்தில் இன்னொருமுறை தட்டினார். உள்ளே ஏதோ உடைந்து, கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது.

அதைக் கழற்றி, இரண்டாவது வால்வை அந்த இடத்தில் மாற்றிப் பார்த்தார். பெட்டிக்குள் 'டப்' என்றது. மின்மாற்றியிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே பொருத்தினார். மூன்று வால்வுகளும் முன்போலவே அழகாக எரிந்தன. சத்தம்தான் துளிக்கூட வரவில்லை.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னங்க கருகுது?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்த நாத்தம்?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எரிகிற மூன்று வால்வுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், தைக்கும்போது பாட்டுக் கேட்கிற தன் சின்னப் பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளங்கை அகலம் இருக்கும். அதை அந்தப் பெரிய ஸ்பீக்கருக்குள் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றாள்.

"அது மோசடி."

"அப்ப ரூமை இப்பவே காலி பண்ணுங்க."

அவளே மறுபடி சொன்னாள். "எனக்கு இந்த ரூம் வேணும்தான். ஆனா நியாயமா தோத்துட்டுக் குடுங்க. நீங்க மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டுக் குடுத்தா, அதுல உக்காந்து எனக்குத் தையல் ஓடாது."

அவர் பெரிய ஸ்பீக்கரின் பின்பலகையைக் கழற்றி, சின்னப் பெட்டியை உள்ளே வைத்து மூடினார். இசைத்தட்டுக் கருவியிலிருந்து அதற்கு ஒயர் இழுத்தார். போட்டுப் பார்த்தபோது போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. வேறு வழியில்லை. இரண்டாவது ஸ்பீக்கரைத் தூக்கி உள்ளறையில் வைத்தார்.

நாலாவது வால்வு கறுப்பாகவே நின்றது. மனைவி தையல் மெஷினின் சின்ன விளக்கைக் கழற்றிக் கொண்டுவந்தாள். அதன்மேல் ஆரஞ்சு நிறத் துண்டுத்துணியைச் சுற்றி, வால்வுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நன்றாகவே எரிந்தது. மற்ற மூன்றையும்விடப் பிரகாசமாக எரிந்தது. துணியை இரண்டு சுற்றாகச் சுற்றலாம் என்று அவர் கை நீட்டியபோது வாசலில் மணி அடித்தது.

"காலையிலேருந்து என் பொட்டியில பாட்டு ஓடுது. சார்ஜ் எவ்வளவு இருக்கோ" என்று சொல்லிவிட்டு மனைவி கதவைத் திறக்கப் போனாள்.

தலைவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஒருமுறை ஒரு வீட்டின் கூடத்தில் உட்கார்ந்தபடி, மாடியறையில் ஓடுகிற மின்விசிறிக்கு எண்ணெய் விடவேண்டும் என்று சொன்னவர். அது நடந்து பத்து வருடம் ஆகியும் சங்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். அதிகம் பேசமாட்டார். யாராவது பக்கத்திலிருந்து கேள்வி கேட்டால் பதிலே வராது. எதிரே நின்று கேட்டால் இமைக்காமல் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் பொய் சொல்ல யாருக்கும் வாய் வராது. அவரை எப்போதும் மகள்தான் காரில் அழைத்து வருவாள். கூட்டம் முடியும்வரை காரிலேயே உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பாள்.

சங்கத்தின் இப்போதைய வழக்கங்களையெல்லாம் மூன்று வருடத்துக்கு முன் அவர்தான் கொண்டுவந்தார். விளக்கை அணைத்துவிட்டு வால்வு வெளிச்சத்தில் மட்டும் கேட்கவேண்டும். அவர் தொண்டையைச் செருமும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. அதன்பிறகு கேட்டதைப் பற்றி ஆளுக்கு ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்கவேண்டும். அட்டைகளைப் படித்துவிட்டு அவர் தீர்ப்புச் சொல்வார். வாயால் விவாதித்தால் காது கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி.

ஒரே ஸ்பீக்கரைப் பார்த்ததும் சங்கச் செயலாளரான பல் டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "ஓ, ஒரே ஸ்பீக்கர் வைக்கிற பழைய முறையா" என்று டாக்டரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். விளக்கு அணைந்தது. நான்கு வால்வுகள் இருட்டில் மிதந்தன. கடைக்காரர் தட்டின்மேல் ஊசியை இறக்கிவிட்டுத் தன் முக்காலிக்குப் போனார்.

புல்லாங்குழல். போர்வைக்குள்ளிருந்து வந்தது. பல் டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள். தலைவர் மட்டும் மூடவில்லை. அவர் வால்வுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றைப் பார்த்துவிட்டு நாலாவதில் நின்றார். அங்கிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

ஏழாவது நிமிடம் குழல் நின்றுவிட்டது.

சார்ஜ் தீர்ந்துவிட்டது. இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி தட்டில் உரசும் சத்தம் மட்டும், பக்கத்துத் தெருவில் ஒரு கொசு குழல் வாசிப்பதுபோல் கேட்டது. நான்கு வால்வுகளும் கம்பீரமாக எரிந்தன.

கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாராவது எழுந்திருப்பார்கள், விளக்கைப் போடுவார்கள் என்று காத்திருந்தார். யாரும் அசையவில்லை. ஒருவர் கண்ணைத் திறந்து தலைவரைப் பார்த்தார். தலைவர் வால்வுகளைப் பார்த்தபடி மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பார்த்தவர் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டு தானும் ஆட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் வரிசையே ஆடியது.

கடைக்காரருக்குத் தன் கடை நினைவு வந்தது. சோதனை நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, ஒரு லென்சைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, எது தெளிவாக இருக்கிறது என்று கேட்பார். சில சமயம் அதே லென்சையே திரும்பப் போடுவார். இருபது வருடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்ற எல்லோரும், தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஒன்றைச் சொல்வார்கள். இவர்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் தலைவர் அப்படிப்பட்டவர் இல்லையே. அவர் ஏன் ஆட்டுகிறார்? கேலி செய்கிறார் என்றுதான் தோன்றியது.

ஊசி தட்டின் நடுவட்டத்துக்கு வந்து நின்றது. தலைவர் ஊசி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். விளக்கு எரிந்தது.

அட்டைகள் எழுதப்பட்டன. அதில் யாரும் பக்கத்து ஆளின் அட்டையைப் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. தலைவர் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். பல் டாக்டர் எழுதியதை இரண்டு தடவை படித்தார். பாதிக்குமேல் இசை பின்வாங்கிக்கொண்டு, கேட்பவனை முன்னே வரச் சொல்கிறது என்று டாக்டர் எழுதியிருந்தார். இன்னொருவர் நிசப்தத்தின் ஆழம் என்று மட்டும் எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார். முதல் பாதியின் கதகதப்பை நான்கு பேர் பாராட்டியிருந்தார்கள்.

தலைவர் அட்டைகளை மடியில் அடுக்கிவைத்தார்.

"பாட்டை எந்தப் பெட்டியும் குடுத்துடும். நிசப்தத்தைக் குடுக்கிற பெட்டி லேசில அமையாது."

கையைத் தூக்கினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கடைக்காரரை அதில் உட்காரவைத்தார். தேநீர்த் தட்டோடு வந்த மனைவி அவர் பக்கம் குனிந்தாள்.

"ரூம் உங்களுக்கே. என் பொட்டிக்கு ஒரு முக்காலியாவது போடச் சொல்லுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பதினான்கு மாதமாக ஆசைப்பட்ட நாற்காலி இப்போது முதுகில் குத்தியது.

ஒவ்வொருவராகப் போனார்கள். தலைவர் கடைசியாக வாசற்படியில் உட்கார்ந்து, குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். சொல்லாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது என்று தெரிந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் அந்த வளைந்த முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"சார், என் பெட்டி சாயங்காலமே புகைஞ்சுபோச்சு. பாடினது என் வீட்டுக்காரியோட சின்னப் பெட்டி. அதுவும் சார்ஜ் இல்லாம பாதியில நின்னுபோச்சு. நாலாவது வால்வு எரியவே இல்லை, அது தையல் மெஷின் பல்பு. நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க."

தலைவர் ஒரு ஷூவின் கயிற்றைக் கட்டி முடித்தார். நிதானமாக அடுத்ததைக் கட்டினார். எழுந்து திரும்பினார். கடைக்காரரின் கலங்கிய கண்களைப் பார்த்து, தோளில் கை வைத்தார்.

"நல்ல வேலை. விட்டுடாதீங்க. அந்த நாலாவது வால்வு மட்டும் அதிகமா சூடாகுது. அதைப் பாத்துக்குங்க."

அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் காரை நோக்கி நடந்தார்.

கடைக்காரர் அப்படியே நின்றார். அவ்வளவும் கேட்டுவிட்டு, கோபம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. மன்னிப்பதைக்கூட மன்னிப்பதுபோல் காட்டிக்கொள்ளாத மனிதர். புது மின்மாற்றி வாங்கி, அந்தப் பெட்டியை முதலிலிருந்து ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று அவர் அங்கேயே முடிவு செய்தார். இந்த ஒரு மனிதர் காதில் விழுவதற்காகவாவது செய்யவேண்டும்.

தலைவரைக் காரில் ஏற்றிக் கதவைச் சாத்திய மகள், ஏதோ நினைவு வந்தவளாகக் கடைக்காரரிடம் திரும்பி வந்தாள்.

"சார், நாளைக்கு உங்க கடை திறந்திருக்குமா? அப்பா கண்ணாடிக்குப் பவர் பாக்கணும். காது போன இந்த மூணு வருஷமா உதட்டைப் பாத்துத்தானே பேச்சைப் புரிஞ்சுக்கிறார், இப்ப அதுவும் மங்கலா தெரியுதாம்."